‘15 சென்டிமீட்டர், காற்றுக்குளிர் −26’: ஒன்டாரியோவின் குளிர்கால வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

தெற்கு ஒன்டாரியோவில் டிசம்பர் மாத மாலை ஒன்றில் வானிலை அறிக்கையைத் திறந்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “இன்றிரவு அவ்வப்போது பனிப்பொழிவு, வாய்ப்பு 60 விழுக்காடு. ஏரியை அடுத்த பகுதிகளில் பனிச்சூறை வீசலாம். அங்கே 15 சென்டிமீட்டர் வரை பனி சேரக்கூடும். மேற்குக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர், இடையிடையே 50. குறைந்தபட்ச வெப்பநிலை −15. காற்றுக்குளிர் −26.”

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் முதல் குளிர்காலத்தை எதிர்கொள்பவர்களின் கண், இந்த அறிக்கையில் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை டிகிரி என்ற இரண்டு எண்களில் போய் நிற்கும். அவை தேவைதான். ஆயினும் ஐம்பெரும் ஏரிகளைச் சுற்றியுள்ள நிலப்பகுதியில் அந்த எண்களுக்குப் பொருள் தருவது, பலர் படிக்காமலே தாண்டிவிடும் “மேற்குக் காற்று” என்ற சொல். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அது எந்த ஏரியை எவ்வளவு தூரம் கடந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரே அறிக்கை ஓர் ஊருக்கு 5 சென்டிமீட்டரையும் பக்கத்து ஊருக்கு 50 சென்டிமீட்டரையும் எப்படிக் கொடுக்கிறது என்பது விளங்கும்.

பனியின் அளவு

முதலில் அந்தச் சென்டிமீட்டரைப் பார்ப்போம். வானிலைக் கணினி மாதிரிகள் அடிப்படையில் நீரின் அளவையே கணிக்கின்றன. அதன் பிறகுதான் அந்த நீர் எவ்வளவு உயரப் பனியாகக் குவியும் என்று மாற்றப்படுகிறது. 1 மில்லிமீட்டர் நீருக்கு 1 சென்டிமீட்டர் பனி என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மேகத்துக்குள் வெப்பநிலை −12 முதல் −18 வரை இருக்கும்போது ஆறு கிளைகளுடன் விரியும் பெரிய படிகங்கள் உருவாகின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இடையில் நிறையக் காற்று தங்கிவிடுவதால், அதே 1 மில்லிமீட்டர் நீர் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குக்கூட எழும். நிலத்தருகே வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் படிகங்கள் பாதி உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது அரை சென்டிமீட்டர்தான் கிடைக்கும்.

இதனால் நீரின் கணிப்பு மிகச் சரியாக அமைந்தாலும் பனியின் உயரத்தில் பிழை வரலாம். வீட்டு வாசலில் மண்வாரியோடு நிற்பவருக்கு உயரத்தைவிட எடைதான் முக்கியம். 20 சென்டிமீட்டர் சாதாரணப் பனி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். அதே உயரமுள்ள ஈரப்பனி 40 கிலோவை எட்டும். அறிக்கையில் −1, 0 என்ற வெப்பநிலையுடன் பனிப்பொழிவு குறிக்கப்பட்டிருந்தால், சென்டிமீட்டர் குறைவாகத் தெரிந்தாலும் வாரும் வேலை கடினமாக இருக்கும். இதய நோய் உள்ளவர்கள் அந்த நாளில் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது.

இருவகைப் பனி

இப்பகுதிக்குப் பனி இரண்டு வழிகளில் வருகிறது. நம்பகத்தன்மையில் இவ்விரண்டும் வெகுவாக வேறுபடுவதால், அறிக்கை எந்த வகையைச் சொல்கிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை, பெரிய காற்றழுத்தத் தாழ்வுநிலைகள் கொண்டுவருவது. ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் கொலராடோ அருகே உருவாகும் தாழ்வுநிலைகள் மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வடகிழக்காக நகர்ந்து வரும்போது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் ஒரே சீராகப் பனி கொட்டும். ஆல்பர்ட்டாவிலிருந்து வேகமாக ஓடிவரும் சிறு தாழ்வுநிலைகளும் உண்டு. அவற்றில் ஈரம் குறைவு என்பதால் சில சென்டிமீட்டருடன் கடந்துபோய், பின்னால் கடுங்குளிரை விட்டுச்செல்லும். தாழ்வுநிலை என்பது பெரிய உருவம்; அதன் வருகையைப் பல நாள் முன்பே கணிக்க முடியும். டொராண்டோவில் 2022 ஜனவரி 17 அன்று கார்டினர் விரைவுச்சாலையையும் டான் வேலி பார்க்வேயையும் மூட வைத்த பெரும்பனி இந்த வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் வகையை ஆங்கிலத்தில் ‘லேக் எஃபெக்ட்’ என்பார்கள். ஏரிப்பனி என்று சொல்லலாம். இதைப் புரிந்துகொள்வதுதான் இப்பகுதியின் அறிக்கையைப் புரிந்துகொள்வதில் பாதி.

கோடை முழுவதும் சூடேறிய ஏரி நீர், இலையுதிர்காலம் முடிந்த பிறகும் அந்தச் சூட்டை எளிதில் இழப்பதில்லை. ஆர்க்டிக் பகுதியிலிருந்து வறண்ட குளிர்காற்று அந்த நீரின் மேல் பாயும்போது, அதன் அடிப்பகுதி ஏரியிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கி, இலேசாகி மேலெழுகிறது. மேலே போய்க் குளிர்ந்து மேகமாகி, கரையை அடைந்ததும் பனியாகக் கொட்டுகிறது. ஏரிப் பரப்பின் வெப்பநிலைக்கும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலைக்கும் இடையே குறைந்தது 13 டிகிரி வேறுபாடு இருக்க வேண்டும் என்பது வானிலையாளர்கள் கையாளும் அளவுகோல். அதோடு, காற்று நீரின் மேல் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும். 100 கிலோமீட்டரோ அதற்கு மேலோ நீர்ப்பரப்பைக் கடந்தால்தான் வலுவான பனிப்பட்டை, அதாவது காற்றின் திசையில் நீளும் ஒடுங்கிய பனிமேக வரிசை, உருவாகும். அறிக்கை சொல்லும் பனிச்சூறை அந்தப் பட்டையின் கீழ் வீசுவதுதான்.

காற்றின் திசை இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. காற்று அந்த நீளத்தின் வழியே வீசினால் ஏரி முழுவதும் ஒரே பனிப்பட்டைக்குத் தீனி போடும். அந்தப் பட்டையின் முனையில் அமெரிக்காவின் பஃபலோ நகரம் இருக்கிறது. காற்று சில டிகிரி திரும்பினால் பட்டை நகரத்தின் வடக்குக்கோ தெற்குக்கோ பெயர்ந்துவிடும். பட்டையின் அகலம் பல வேளைகளில் 10, 20 கிலோமீட்டர்தான். 2014 நவம்பர் நடுவில் பஃபலோவின் தென்புறத்திலும் அதை ஒட்டிய ஊர்களிலும் 150 சென்டிமீட்டருக்கும் மேல் பனி கொட்டியபோது, சில கிலோமீட்டர் வடக்கே இருந்தவர்கள் வெகு சில சென்டிமீட்டருடன் தப்பித்தார்கள். 2022 நவம்பரில் அதே பகுதியில் உள்ள ஆர்ச்சர்ட் பார்க்கில் ஏறத்தாழ 200 சென்டிமீட்டர் சேர்ந்தது. அந்த மாவட்டம் முழுவதற்கும் “சராசரி இவ்வளவு” என்று ஓர் எண் சொல்லியிருந்தால், அது வடக்கே இருந்தவருக்கும் பயன்பட்டிருக்காது, தெற்கே இருந்தவருக்கும் பயன்பட்டிருக்காது.

ஒன்டாரியோவில் இதே வேலையை ஹூரோன் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் செய்கின்றன. மேற்கு, வடமேற்குக் காற்றில் காடரிச், கின்கார்டின், ஓவன் சவுண்ட், பேரி, ஒரிலியா, மஸ்கோகா ஆகியவை பனிப்பட்டைகளின் வழியில் அமைகின்றன. 2010 டிசம்பரில் சார்னியாவுக்கும் ஒன்டாரியோவிலேயே உள்ள லண்டன் நகருக்கும் இடையிலான 402ஆம் நெடுஞ்சாலையில் 300க்கும் மேற்பட்டோர் வாகனங்களுடன் சிக்கிக்கொள்ள, ராணுவ ஹெலிகாப்டர்கள் வந்து மீட்க வேண்டியிருந்தது. 2024 நவம்பர் இறுதியில் கிரேவன்ஹர்ஸ்ட் பகுதியில் ஒரு மீட்டருக்கும் மேல் பனி குவிந்து, 11ஆம் நெடுஞ்சாலை மூடப்பட்டது.

டொராண்டோ இந்தப் பட்டைகளிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அது ஒன்டாரியோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருப்பதால், வழக்கமான வடமேற்குக் காற்று நகரத்தைக் கடந்த பிறகுதான் ஏரியைத் தொடுகிறது. ஈரமெல்லாம் எதிர்க்கரைக்குப் போகிறது. கிழக்குக் காற்று வீசும் அரிய நாட்களில்தான் ஒன்டாரியோ ஏரி டொராண்டோ, மிசிசாகா, ஹாமில்டன் பக்கம் பனியைத் தள்ளும். இந்தப் பாதுகாப்பு ஓர் ஆபத்தையும் உண்டாக்குகிறது. ஸ்கார்பரோவில் வெயில் அடிக்கிறது என்று நம்பி 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பும் ஒருவர், ஒரு மணி நேரத்துக்குள் முன்னே போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாத பனிச்சூறைக்குள் நுழைந்துவிட முடியும். புறப்படும் இடத்தின் அறிக்கையைவிடப் போய்ச்சேரும் இடத்தின் அறிக்கையும், இடைவழியின் ரேடார் படமும் மிகவும் தேவை என்று நான் வலியுறுத்திச் சொல்வேன்.

ஏரி உறைந்துவிட்டால் இந்த இயந்திரம் நின்றுபோகும். ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். ஆகவே அது குளிர்காலத்தின் நடுவில் பெரும்பாலும் உறைந்து, பனி தருவதைக் குறைத்துக்கொள்ளும். சராசரி 86 மீட்டர் ஆழமுள்ள ஒன்டாரியோ ஏரி முழுதாக உறைவது மிக அரிது. உறைந்த ஏரி தீங்கற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1977 ஜனவரி 28 அன்று தொடங்கிய பஃபலோ பனிப்புயலில் புதிதாகப் பெய்த பனி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். முந்தைய வாரங்களில் ஈரி ஏரியின் உறைந்த பரப்பின் மேல் சேர்ந்து கிடந்த தளர்வான பனியைக் காற்று வாரி எடுத்து வந்து நகரத்தையும் நயாகரா பகுதியையும் மூடிவிட்டது.

அந்த 60 விழுக்காடு

“வாய்ப்பு 60 விழுக்காடு” என்பதை, நாளின் 60 விழுக்காடு நேரம் பனி பெய்யும் என்றோ, வலுவாகப் பெய்யும் என்றோ பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பகுதிக்குள் எந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டாலும், அங்கே அந்தக் கால இடைவெளிக்குள் அளக்கக்கூடிய அளவு பெய்வதற்கான வாய்ப்பு அது. கனடாவில் அளக்கக்கூடிய குறைந்தபட்சப் பனி 0.2 சென்டிமீட்டர். எனவே 90 விழுக்காடு வாய்ப்புடன் ஒரு சென்டிமீட்டர் பனி வரலாம். 40 விழுக்காடு வாய்ப்புடன் 30 சென்டிமீட்டர் பனிச்சூறையும் வரலாம். எவ்வளவு உறுதி, எவ்வளவு பெரிது என்பவை இரண்டு தனிக் கேள்விகள்.

இந்த விழுக்காடு பிறப்பதற்கு ஒரு முறை உண்டு. இன்றைய வளிமண்டல நிலையை யாராலும் முழுத் துல்லியமாக அளக்க முடியாது என்பதால், தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டுவார்கள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் 51 ஓட்டங்களைச் செய்கிறது. எல்லா ஓட்டங்களும் ஒரே திசையில் போனால் நம்பிக்கை உயரும். அவை சிதறினால் அறிக்கையில் “5 முதல் 20 வரை” என்ற அகன்ற இடைவெளி தோன்றும். அப்படிப்பட்ட இடைவெளியைக் கண்டால் வானிலையாளர்கள் தடுமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் நேர்மையாகச் சொல்கிறார்கள். அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கிக் காட்டும் கைபேசிச் செயலி, அந்த நேர்மையை அழித்துவிடுகிறது.

பனியா மழையா என்ற கேள்வி கடினமானது. நிலத்தருகே குளிர்காற்று மெல்லிய படலமாகத் தங்கியிருக்க, அதற்கு மேலே பூஜ்ஜியத்துக்கு மேற்பட்ட இளஞ்சூட்டுக் காற்று நுழைந்தால், விழும் பனி அந்த அடுக்கில் உருகி நீர்த்துளியாகிறது. நிலத்தைத் தொட்டவுடன் கண்ணாடிபோல் உறைகிறது. இதுவே உறைமழை. அடியிலுள்ள குளிரடுக்கு தடிமனாக இருந்தால் துளிகள் வழியிலேயே உறைந்து பனிமணிகளாக விழும். மேலடுக்கில் ஓரிரு டிகிரி மாற்றம், 25 சென்டிமீட்டர் பனியை உறைமழையாக மாற்றிவிடும். 1998 ஜனவரியில் மாண்ட்ரியலிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் நாட்கணக்கில் நீடித்த உறைமழை உயர்மின் கோபுரங்களையே மடக்கிச் சாய்த்தது. 2013 டிசம்பர் 21, 22இல் டொராண்டோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அறிக்கையில் “உறைமழை” என்ற சொல் வந்தால், அதன் அளவு 5 மில்லிமீட்டர் என்றிருந்தாலும் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவு.

குளிர்

வெப்பநிலைக் கணிப்பு பனிக் கணிப்பைவிடப் பெரிதும் நம்பத் தகுந்தது. குளிர்காற்றுத் திரள் பல நூறு கிலோமீட்டர் அகலமுடையது. அது மெல்ல நகர்வதால் நாலைந்து நாட்களுக்கு முன்பே தென்பட்டுவிடும். தாழ்வுநிலை கிழக்கே கடந்ததும் அதன் பின்புறத்தில் காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கி, ஆர்க்டிக் காற்றை இழுத்து வரும். பெரும்பனி நின்ற மறுநாள் வானம் பளிச்சென்று தெளிந்து, குளிர் மட்டும் கடுமையாக ஏறுவது இப்படித்தான். புதிதாக விழுந்த வெண்பனி சூரிய ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும்; இரவில் நிலத்தின் வெப்பம் தெளிந்த வானத்துக்குத் தடையின்றித் தப்பிப்போகும். ஆகவே பனி மூடிய, காற்றில்லாத, மேகமற்ற இரவுகளே மிகக் குளிர்ந்தவை. டொராண்டோ நகர மையத்தில் இருப்பதைவிட ஊர்ப்புறத்தில் அந்த இரவுகளில் பல டிகிரி தாழ்வாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில ஆண்டுகளில் செய்திகளில் அடிபடும் ‘போலார் வோர்டெக்ஸ்’, அதாவது துருவச்சுழல், புதிதாக வந்து தாக்கும் புயல் அன்று. துருவத்துக்கு மேலே, தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஒவ்வொரு குளிர்காலமும் சுழன்றுகொண்டிருக்கும் காற்றோட்டம் அது. அது வலுவாக இருக்கும்வரை குளிர்காற்று பெரும்பாலும் வடக்கிலேயே அடைபட்டிருக்கும். அது குலைந்தோ நீண்டோ போகும்போது அந்தக் காற்று தெற்கே சரிகிறது. 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் வெப்பநிலை −31க்கு இறங்கியது அப்படியொரு சரிவில்தான்.

இனி, காற்றுக்குளிர். வெப்பநிலை −15 என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் −26 என்றால், எது உண்மை என்ற குழப்பம் எழுவது இயல்பு. இரண்டும் உண்மை. நம் உடல் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை வைத்திருக்கிறது. வீசும் காற்று அதைத் திரும்பத் திரும்பக் கலைத்துவிடுவதால் தோல் விரைவாக வெப்பத்தை இழக்கிறது. காற்றில்லாத இடத்தில் எந்த வெப்பநிலையில் இதே அளவு வெப்ப இழப்பு நேருமோ, அந்த எண்ணையே காற்றுக்குளிர் என்கிறோம். ஆனால் காற்று எவ்வளவு வீசினாலும், −15 காற்றில் நிற்கும் காரோ தண்ணீர்க் குழாயோ −15க்குக் கீழே குளிராது. அதை எட்டும் வேகம் மட்டுமே கூடும். காற்றுக்குளிர் என்பது மனித முகத்துக்கான எண். அதனால்தான் கனடாவில் அதற்கு டிகிரிக் குறி போடாமல் வெறும் எண்ணாகத் தருகிறார்கள்.

இந்த எண்ணுக்கு வரலாறு உண்டு. பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1940களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில், சிறு பிளாஸ்டிக் உருளையில் நீரை ஊற்றி வெளியே தொங்கவிட்டு, அது உறையும் நேரத்தைக் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் அந்தக் கணக்கே நடைமுறையில் இருந்தது. ஆனால் நீர் உருளை மனித முகம் ஆகாது என்பதால் அது குளிரை மிகைப்படுத்திக் காட்டியது. பின்னர் டொராண்டோவில் தன்னார்வலர்களைக் குளிரூட்டப்பட்ட காற்றறையில் நடக்கவைத்து, அவர்களின் முகத்தில் உணரிகளைப் பொருத்தி அளந்து, அதன் அடிப்படையில் 2001இல் கனடாவும் அமெரிக்காவும் ஒரே புதிய சூத்திரத்தை ஏற்றுக்கொண்டன. அதன்படி, −10 டிகிரியில் 10 கிலோமீட்டர் காற்று −15 என்ற உணர்வைத் தரும்; 30 கிலோமீட்டர் காற்று −20ஐத் தரும். −20 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று வீசினால் எண் −34 ஆகிவிடும்.

இதில் −28 என்பது ஒரு முக்கியமான கோடு. −28க்கும் −39க்கும் இடையே, மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையத் தொடங்கலாம். −40க்கும் −47க்கும் இடையே 5 முதல் 10 நிமிடங்கள் போதும். பேருந்து நிறுத்தத்தில் பிள்ளை எத்தனை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை இந்த அட்டவணையோடு பொருத்திப் பார்ப்பதுதான் அறிக்கையின் மெய்யான பயன். மூக்கு நுனி, காது, விரல் ஆகியவை வெளிறி உணர்விழந்தால், தேய்க்காமல், வீட்டுக்குள் வந்து வெதுவெதுப்பான நீரில் மெல்லச் சூடேற்ற வேண்டும். தேய்த்தால் உறைந்த திசு கிழியும்.

எச்சரிக்கைகள்

கனடாவின் சுற்றுச்சூழல் துறை நெடுங்காலமாகக் கையாண்டுவந்த அளவுகோல்களைத் தெரிந்துகொண்டால் எச்சரிக்கைச் சொற்களின் கனம் புரியும். 12 மணி நேரத்துக்குள் 15 சென்டிமீட்டர் சேருமானால் தெற்கு ஒன்டாரியோவில் பனிப்பொழிவு எச்சரிக்கை. காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டி, பார்வைத் தூரம் 400 மீட்டருக்குள் சுருங்கி, அந்நிலை குறைந்தது நான்கு மணி நேரம் நீடித்தால் பனிப்புயல். இதில் பனியின் அளவுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும், கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலே போதும். டொராண்டோ சுற்றுவட்டத்தில் வெப்பநிலையோ காற்றுக்குளிரோ −30ஐ எட்டினால் கடுங்குளிர் எச்சரிக்கை. 2025 இறுதியிலிருந்து இவற்றோடு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களும் சேர்ந்துள்ளன. எதிர்பார்க்கும் பாதிப்பின் கடுமையையும் கணிப்பின் உறுதியையும் நிறம் காட்டுகிறது.

பனிச்சூறை எச்சரிக்கையைப் பலர் “கொஞ்சம் கூடுதல் பனி” என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரும் கவலை. பஃபலோவில் 2022 டிசம்பர் 23 அன்று தொடங்கிய பனிப்புயல் பல நாள் முன்பே தெளிவாகக் கணிக்கப்பட்டிருந்தது. விமான நிலையத்தில் பனிப்புயல் நிலை 37 மணி நேரம் நீடித்தது. அந்த மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் சிலர் வாகனங்களிலும், சிலர் தெருவிலும், சிலர் சூடாக்கி நின்றுபோன வீடுகளிலும் இறந்தார்கள்.

ஆகவே, காற்று ஏரியின் நீளவாக்கில் வீசும் நாளில் பனிச்சூறை எச்சரிக்கை இருந்தால் பட்டை நகரும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. தவிர்க்க முடியாமல் கிளம்பி நெடுஞ்சாலையில் சிக்கிக்கொண்டால் காரைவிட்டு இறங்கி நடக்கக் கூடாது. வெண்மைக்குள் பத்தடி தள்ளியுள்ள வண்டிகூடக் கண்ணுக்குத் தெரியாது. புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து, மணமோ நிறமோ காட்டாமல் கொல்லும். அதனால் முதலில் குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிவிட்டு, காற்று வராத பக்கத்துக் கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்து, ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு, உதவி வரும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். வண்டியில் ஒரு போர்வை, கையுறை, குடிநீர், சிறு மண்வாரி, மின்னேற்றம் நிறைந்த கைபேசி ஆகியவற்றை நவம்பர் முதலே வைத்துக்கொள்ள வேண்டும்.